கொற்கையின் ஆயிரம் பொற்கொல்லர்

சிலப்பதிகாரத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு மதுரை எரிந்ததோடு பாண்டியன் கதை முடிந்துவிடுகிறது. நூலின் முகப்பில் நிற்கும் உரைபெறு கட்டுரை அதற்குப் பின்னால் நடந்ததையும் சொல்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, காய்ச்சலும் கொப்புள நோயும் தொடர்ந்தன. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் அதற்கு ஒரு பரிகாரம் கண்டான். பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று கண்ணகிக்குப் பலியிட்டான்; மழை பெய்தது, நோய் நீங்கியது. கொற்கை இன்று தூத்துக்குடி மாவட்டத்தில், ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கடல் அதை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. பாண்டியரின் முத்துத்துறையாக இருந்த ஊர் அது. கோப்பெருந்தேவியின் சிலம்புக்குள் கிடந்த முத்தும் இந்தக் கடலில் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சிலம்பைத் திருடியவன் ஒரே ஒரு பொற்கொல்லன். தான் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கோவலனைக் கைகாட்டினான். விசாரிக்காமல் வெட்டச் சொன்னவன் அரசன். இந்த மூன்று செயலில் எதிலும் அந்த ஆயிரம் பேருக்குப் பங்கில்லை. பஞ்சத்துக்குக் காரணம் தேடிய செழியனின் கண்ணுக்குத் தன் குலத்தான் சொன்ன அவசரத் தீர்ப்பு தெரியவில்லை; அரண்மனைக்கு வெளியே உலை ஊதிக்கொண்டிருந்தவர்கள் தெரிந்தார்கள்.

மழைதான் பெய்துவிட்டதே என்று கேட்பவருக்கு அதே கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. அது கொற்கையோடு நிற்கவில்லை. கொங்கு மண்டலத்து இளங்கோசர் கண்ணகிக்கு விழா எடுத்தார்கள், அங்கும் மழை வந்தது. இலங்கையின் கயவாகு கோட்டம் கட்டி ஆடி மாதம் விழா நடத்தினான், அங்கும் வந்தது. சோழன் பெருங்கிள்ளியும் பத்தினிக்குக் கோயில் எடுத்தான். இந்த மூன்று இடத்திலும் ஒரு பொற்கொல்லனும் சாகவில்லை. ஒரே தெய்வம், ஒரே வழிபாடு, ஒரே மழை. கொலை மட்டும் கொற்கையில். இதை இளங்கோவடிகள் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்தாரா, கட்டுரையைப் பின்னால் யாரேனும் சேர்த்தார்களா என்பது அறிஞர்கள் பாடு. படிக்கிறவனுக்கு ஒன்று புலப்படுகிறது: அந்த ஆயிரம் உயிர் மழைக்குத் தேவைப்படவில்லை, கேள்விக்குத்தான் தேவைப்பட்டது. யாரால் இது வந்தது என்று ஒரு நாடே கேட்கும்போது, பதில் சொல்லாமல் அரசன் அமர்ந்திருக்க முடியாது. துன்பத்தின் நடுவே குற்றவாளியைத் தேடுவதை வெறும் நேர விரயம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அதை ஒரு சமயச் சடங்காகவே பார்க்கிறேன். பொருளற்றுத் தோன்றும் துன்பத்துக்கு அது ஒரு பொருள் கொடுக்கிறது. கேட்பவனைக் குற்றத்துக்கு வெளியே நிறுத்துகிறது. செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்ட திருப்தியையும் தந்துவிடுகிறது. அந்தத் திருப்தி வந்த பிறகு உண்மையில் செய்ய வேண்டியது அப்படியே கிடக்கும்.

இதே கேள்வி, கொற்கைப் பக்கம் பாயும் தாமிரபரணியின் கரையில் 1934இல் மறுபடி எழுந்தது, அதுவும் இந்தியாவின் மிகப் பெரிய மனிதரின் வாயிலிருந்து. அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24 அன்று, தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் திருநெல்வேலிக்கு வந்திருந்த காந்தி, அது நம் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று பொதுக்கூட்டத்தில் பேசினார். தீண்டாமைதான் அந்தப் பாவம் என்பது அவர் கருத்து. தூத்துக்குடி அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தாகூர் அதிர்ந்துபோய் மறுப்பு எழுதினார். காந்தி அதைப் பிப்ரவரியில் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டு, தன் நம்பிக்கையை விடவில்லை என்று பதிலும் எழுதினார். தாகூர் சொன்னதில் கூர்மையானது இது: ஒழுக்கத்தையும் இயற்கையின் சீற்றத்தையும் முடிச்சுப் போடும் வாதம் காந்தியை விட அவருடைய எதிரிகளுக்கே அதிகம் பயன்படும், சனாதனிகளும் இதே நிலநடுக்கத்தைக் காட்டிக் காந்தியின் இயக்கத்தின் மேல் பழி போடலாம். குற்றவாளியைக் காட்டும் விரல் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. காந்தியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவர் ‘அவர்கள்’ என்று சொல்லவில்லை, ‘நாம்’ என்றார், தன்னையும் சேர்த்துக்கொண்டார், அதே பயணத்தில் பீகாருக்கு நிதியும் கேட்டார். பழி சுமத்துவதில் இதைவிட உயர்ந்த வடிவம் கிடையாது. ஆனாலும் இடிந்த சுவருக்கு அடியில் செத்தவர்களில் தீண்டாமையால் மிதிபட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தத் தண்டனை எந்தக் கணக்கில் வந்தது என்ற கேள்விக்கு அவருடைய இறையியலில் இடமில்லை. தண்டனை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அடி வாங்கியவனைக் குற்றவாளி வரிசையில் நிறுத்தாமல் தப்ப வழியில்லை.

இப்போது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டருக்கு மேல். ஓர் ஆண்டில் அந்தப் பக்கம் பெய்யும் மழையை ஒரே நாள் கொட்டித் தீர்த்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து, தாமிரபரணியில் லட்சம் கன அடிக்கு மேல் போனது. குளங்கள் உடைந்தன, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியின் தெற்குப் பக்கம் தண்ணீரில் நின்றது, உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்தது, ஏரல் தீவானது. தண்ணீர் வடிவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. வானிலை மையம் இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லை என்றது மாநில அரசு. சில நாள் முன்னாலேயே எச்சரித்தோம், நீங்கள்தான் தயாராகவில்லை என்றது ஒன்றிய அரசு. ஒன்றிய நிதியமைச்சர் டெல்லியில் பத்திரிகையாளர்களைக் கூட்டி இதற்காகவே பேசினார். இரண்டு பக்கத்திலும் பேசியவர்கள் தேதிகளை வைத்துப் பேசினார்கள். இரண்டும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. எச்சரிக்கை இருந்தது, எச்சரிக்கையில் அந்த அளவு இல்லை. இதில் எந்த வாக்கியம் முதலில் வருகிறது, எதற்கு அழுத்தம் என்பதில்தான் கட்சி அரசியல் மொத்தமும் நடந்தது. அந்த நாட்களில் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்த ஒருவருக்கு அந்த விவாதத்தில் எவர் வென்றாலும் ஒரு குடம் குடிதண்ணீர் கூடப் போய்ச் சேராது.

அதே இரவில் நடந்த இன்னொன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. கோபப்பட்ட பயணிகள் இருந்திருப்பார்கள். காலையில் சென்னையில் வேலை இருக்கும், கையில் குழந்தை இருக்கும். நிலையத்தில் இருந்தவர்கள் வண்டியை விடவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையில் சரளைக்கல்லும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கும் படங்கள் பின்னால் வெளியாயின. பயணிகளில் ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மற்றவர்கள் நிலையத்திலேயே தண்ணீருக்கு நடுவில் இரண்டு நாள் இருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீடுகளும் அதே மழையில் நனைந்துகொண்டிருக்க, அரிசி சேர்த்துச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். 19ஆம் தேதி மீட்புப் படையினர் வந்து வெளியே கொண்டுவந்தார்கள். இந்தச் சம்பவத்தில் எங்கும் யார் தப்பு என்ற கேள்விக்கு வேலையே வரவில்லை. பாதை எப்படி இருக்கிறது, எத்தனை பேர், எத்தனை படி அரிசி என்ற மூன்று கேள்விகள் போதுமானவையாக இருந்தன.

1956ஐ நினைத்தால்தான் இதன் அருமை தெரியும். அந்த ஆண்டு நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் அரித்த பாதையில் போய் விழுந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். இதே கடற்கரைக்கு வரும் வண்டி, இதே போன்ற மழை, இதே போல மண் கரைந்த தண்டவாளம். அரியலூரைப் பற்றி நாம் எதை நினைவில் வைத்திருக்கிறோம்? ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை; துணை அமைச்சர் அழகேசனைக் குறிவைத்து அடுத்த தேர்தலில் திமுக எதுகை மோனையோடு கட்டிய முழக்கத்தை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட நேரு, இந்த விபத்துக்குச் சாஸ்திரி பொறுப்பு என்பதற்காக அல்ல, அரசியல் மரபுக்கு ஓர் எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்றே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார். எவ்வளவு நேர்மையான பேச்சு! ஒரு மனிதர் செய்யாத தப்புக்குத் தன்னைப் பலியாகக் கொடுக்கிறார், நாடு மனம் ஆறுகிறது. சாஸ்திரியின் பெருந்தன்மையை நான் குறைக்கவில்லை. இன்றைய அமைச்சர்களை நினைத்தால் கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனால் மருதையாற்றுப் பாலத்தில் என்ன நடந்தது, மழைக்காலத்தில் பாதையை யார் எத்தனை மணிக்கு நடந்து பார்க்க வேண்டும், பார்த்தவர் சொல்லும் சேதி எவ்வளவு வேகமாக நிலையத்துக்கு வர வேண்டும் என்பவை யாருக்கும் நினைவில் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் 800 பேரைக் காப்பாற்றியது இந்த இரண்டாம் வகை அறிவு. ராஜினாமாவை மேடைக்கு மேடை பேசினோம். மழைக்காலத்தில் தண்டவாளத்தை நடந்து பார்க்கும் கேங்மேனைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

காரணம் தேடுவதும் குற்றவாளி தேடுவதும் ஒன்றுபோலத் தோன்றும்; இரண்டும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கின்றன. ஆனால் குற்றவாளி கிடைத்ததும் தேடல் நின்றுவிடும், காரணம் கிடைத்தால் அங்கேதான் வேலை தொடங்கும். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வழியையும் ஆராயச் சொல்கிறார். அளவு தெரியாமல் தின்பவனை அதே அதிகாரத்தில் அவர் கண்டிக்கவும் செய்கிறார் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கண்டிப்பு உண்பவனுக்கு முன்கூட்டிச் சொல்வது. மருத்துவனிடம் பேச வரும்போது நோயாளியின் பெருந்தீனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. முத்துக்குளித்துறை இதற்கு நல்ல சாட்சி. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் திடீர் திடீரென்று வெறுமையாகும். சில ஆண்டுகள் லட்சக்கணக்கில் சிப்பி, பிறகு வருஷக்கணக்கில் ஒன்றுமில்லை. இலங்கைப் பக்கம் 1890களிலிருந்து பத்தாண்டுக்கும் மேலாகக் குளிப்பே நடக்காமல் போனபோது, 1902இல் ஹெர்ட்மேன் என்ற விலங்கியலாளரை வரவழைத்தார்கள். அவரோடு ஹார்னெல் வந்தார், பிறகு சென்னை மாகாணத்துக்காகத் தூத்துக்குடிப் பக்கமும் வேலை செய்தார். பழி சுமத்த ஆட்களுக்குக் குறைவில்லை: திருடும் குளியாட்கள், பேராசைக் குத்தகைக்காரர், கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரி, சிப்பியை உடைத்துத் தின்னும் திருக்கை. பெரிய பாரில் ஒவ்வொரு ஆண்டும் குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்கில் ஒட்டுகிறது, தென்மேற்குப் பருவக்காற்றின் கடல் அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்று கண்டார் ஹெர்ட்மேன். யார் என்ற கேள்விக்கு அங்கே பதிலே இல்லை. குஞ்சுகளைப் பாதுகாப்பான பாருக்கு மாற்றிப் பாருங்கள் என்பது அவருடைய யோசனை. அது முத்தைக் காப்பாற்றிவிடவில்லை. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961இல் முடிந்தது. ஆனால் சிப்பியைக் கையாள முடியும் என்ற அந்த எண்ணத்தின் நீட்சியாகத்தான், 1973இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இந்தச் சிப்பியிலேயே முத்து வளர்த்துக் காட்டினார்கள்.

இந்தக் கடற்கரையில் பரதவர் கத்தோலிக்கர், காயல்பட்டினத்தார் முஸ்லிம்கள், இரு சாராருக்கும் பொதுவான ஒரு கப்பல் கதை உண்டு. கிறிஸ்தவர் யோனா என்பார்கள், முஸ்லிம்கள் யூனுஸ் நபி என்பார்கள். புயலில் சிக்கிய கப்பலில் யாரால் இது என்று சீட்டுப் போடுகிறார்கள், சீட்டு அவர் பெயருக்கு விழுகிறது, அவரைக் கடலில் போட்டதும் கடல் அடங்குகிறது. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய எதிர்சாட்சி கிடைக்காது. குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள், தீர்வு கிடைத்தது. ஆனால் விவிலியத்தில் அந்த மாலுமிகள் செய்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில் அவரவர் தெய்வத்தைக் கூப்பிட்டார்கள். அடுத்து சரக்கைத் தூக்கிக் கடலில் வீசிக் கப்பலின் பாரத்தைக் குறைத்தார்கள். சீட்டு அதற்குப் பிறகுதான். சீட்டு விழுந்த பிறகும் உடனே தூக்கிப் போடவில்லை, அவரையே விசாரித்தார்கள். என்னைப் போட்டுவிடுங்கள் என்று அவரே சொன்ன பிறகும் கேட்காமல், கரை சேர முடியுமா என்று துடுப்புப் போட்டார்கள். குற்றவாளி யார் என்று தெரிந்து, அவனே ஒப்புக்கொண்டும், அவனையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்த அந்தப் பெயர் தெரியாத மாலுமிகள்தான் என் கண்ணுக்கு அந்தக் கதையின் பெரியவர்கள். இன்னொன்று: அவர்கள் போட்ட சீட்டு பொய் சொல்லாத சீட்டு, கடவுளே நடத்திய விசாரணை. நம் கையில் இருப்பது தொலைக்காட்சி விவாதம். தப்பிப் பிழைத்த யோனாவோ பிறகு நினிவே ஊருக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, அதற்குத் தண்டனை வரவில்லையே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்!

இயேசுவிடம் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்ததா என்று சீடர்கள் கேட்டபோது, அவர் இரண்டுமில்லை என்று சொல்லிவிட்டு மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசினார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று ஆரம்பித்தார்கள், கடைசியில் கடவுளே அவர்களைக் கடிந்துகொண்டார். நம் வீடுகளில் வினைப்பயன் என்று சொல்வதையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். வீட்டை இழந்த ஒரு பெண் ‘என்ன பாவம் செஞ்சேனோ’ என்று தலையில் அடித்துக்கொண்டால் அது அழுகை. அவளுக்கு அது ஓர் ஆறுதலாகக்கூட இருக்கலாம், அதைப் பிடுங்க எவருக்கும் உரிமையில்லை. அதே வாக்கியத்தை அடுத்த தெருக்காரர் அவளைப் பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பு. வினைக் கொள்கை உண்மையா இல்லையா என்பது வேறு விவாதம். உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் அடுத்தவருடைய ஏட்டைப் படிக்கும் கண் நமக்குத் தரப்படவில்லை.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு தூத்துக்குடிக்குள்ளேயே இருக்கிறது. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் போலீஸ் சுட்டது. 13 பேர் உயிரிழந்தார்கள். இப்போது பழி பேசாதீர்கள், முதலில் அமைதி திரும்பட்டும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அது யாருக்கு வசதி? ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது 2022 அக்டோபர் ஆகிவிட்டது. கேள்வியைத் தள்ளிப்போடச் சொல்பவன் பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டியவன்தான் என்ற சந்தேகம் இந்த ஊர்க்காரர்களுக்கு இருந்தால் அது அனுபவத்தில் வந்தது. இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்கும்போது யார் சுடச் சொன்னது என்று கேட்பதுதான் அதை நிறுத்தும் வழி. அங்கே பெயர் சொல்வதே பிரச்சினையைத் தீர்ப்பது. மழை அப்படியில்லை. பெயர் தெரிந்தால் இந்த நிமிஷம் கை செய்ய வேண்டிய காரியம் மாறுமா என்பதை வைத்து இரண்டையும் பிரிக்கலாம். மறுப்பின் மற்றப் பாதியை ஏற்க முடியவில்லை. உடனடிப் பழி எளியவரின் ஆயுதம் என்று நினைப்பது தவறு. மே 22க்குப் பிறகு முதலில் கிளம்பிய பழி எது? கூட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்பது. நெருக்கடியில் விரல் நீட்டும் போட்டியில் மைக் வைத்திருப்பவன்தான் முந்துவான். அரண்மனைக்குள் போய்க் கோவலனைக் காட்ட அந்தப் பொற்கொல்லனால் முடிந்தது. கண்ணகி வாசலில் வந்து நிற்கும்போது கோவலன் செத்துப்போயிருந்தான்.

கப்பல் தொழிலில் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள், வ.உ.சி. துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்காரர்களுக்கு அது தெரிந்ததுதான். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விபத்து விசாரணை விதித்தொகுப்பு 2010 ஜனவரி முதல் கட்டாயமாக நடைமுறையில் இருக்கிறது. பெரிய கடல் விபத்து நடந்தால் அதன்படி நடக்கும் பாதுகாப்பு விசாரணை, எவர் மேலும் குற்றம் சாட்டுவதற்கோ நஷ்ட ஈட்டுப் பொறுப்பை முடிவு செய்வதற்கோ அல்ல. இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்பதற்கு மட்டும். விமான விபத்துக்கும் சர்வதேச விதி இப்படித்தான். இதனால் யாரும் தப்பிவிடுவதில்லை. வணிகக் கப்பல் சட்டத்தின் கீழ் சான்றிதழைப் பறிக்கலாம், குற்ற வழக்கும் தனியே நடக்கும். இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதில்லை, அவ்வளவுதான். இதற்குப் பின்னால் உள்ள நியாயம் மனித சுபாவம் அறிந்தது. நான் தூங்கிவிட்டேன், ராடாரைப் பார்க்கவில்லை என்று ஒரு மாலுமி சொன்னால்தான் அடுத்த கப்பல் பிழைக்கும். சொன்னால் ஜெயில் என்றால் சொல்ல மாட்டான். வெள்ளத்திலும் இதுதான். மடையை எத்தனை மணிக்குத் திறந்தோம், ஷட்டர் ஏன் மேலே ஏறவில்லை, அணையிலிருந்து எத்தனை கன அடி விட்டோம் என்பவை அந்த இரவில் கீழே இருக்கும் ஊர்களுக்கு உயிர்ச் சேதிகள். அவற்றைச் சொல்ல வேண்டியவர், நாளை இதே எண்ணை வைத்து என்னைத் தொங்கவிடுவார்கள் என்று பயந்தால் எண்ணை விழுங்கிவிடுவார், அல்லது குறைத்துச் சொல்வார்.

ஆனால் கப்பல்காரர்களின் ஏற்பாட்டில் இரண்டாவது மேசையும் இருக்கிறது, அதை மறந்துவிட்டு முதல் மேசையை மட்டும் கடன் வாங்கக் கூடாது. நெருக்கடியில் பழி பேச வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொருவரும் பிறகு எப்போது பேசலாம் என்பதற்குத் தேதி சொல்லக் கடமைப்பட்டவர். தேதி மட்டும் போதாது, அதுவரை சாட்சியத்தைக் காத்துவைக்கவும் வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மணி நேரத்தையும் மட்டத்தையும் வந்த சேதியையும் போன சேதியையும் எழுதிவைப்பது பழி போடுவதாகாது. மீட்புக்கும் அதுவே வேண்டும், பின்னால் வரும் நீதிக்கும் அதுவே வேண்டும். தூர்ந்துபோன வரத்துக்கால், ஆக்கிரமித்த குளம், பல ஆண்டுகளாக மண் போடாத கரை என்று தாமிரபரணிப் பாசனத்தில் மனிதத் தவறுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றையெல்லாம் ‘இயற்கைப் பேரிடர்’ என்ற சொல்லுக்குள் போட்டு மூடுவதும், கொற்கையில் பொற்கொல்லரை வெட்டியதைப் போலவே கேள்வியை முடித்துவைப்பதுதான். கோரம்பள்ளம் குளத்துக்குக் கீழே குடியிருப்பவர் ஒருவர், அந்தக் கரை எத்தனை மணிக்கு உடைந்தது, அதற்கு முன் மடைகள் எந்த நிலையில் இருந்தன, யார் யாருக்குத் தகவல் சொன்னார்கள் என்று தாலுகா ஆபீசில் போய்க் கேட்டால், ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அந்தத் தாள் கிடைக்காதவரை அவர் யாரை ஏசினாலும், பொறுமையாக இருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாயில்லை.